நோட்டீஸ் என்பது உத்தரவு அல்ல

ஸ்ரீரங்கத்தில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை. தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கும் என் கணவருக்கும் இது வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு. என் மகள் தேவகிக்குத்தான் வரவில்லை. ரங்கூனில் பிறந்து பர்மியப் பிள்ளைகளோடு விளையாடியவள். அந்தப் பிள்ளைகள் விடைபெறும்போது 'துவாதோமே' என்பார்கள். போகிறேன் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. குடிவந்த முதல் வாரம் தேவகி பள்ளிக்கூடம் கிளம்பும்போது "நான் போறேன்" என்று சொல்ல, முன்கட்டில் இருந்த வீட்டுக்காரரின் மனைவி அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு. போயிட்டு வரேன்னு சொல்லு. வாசல்ல நின்னு அப்படிச் சொன்னா வீட்டுக்கு ஆகாது" என்றார். எனக்கு அன்று மனம் குளிர்ந்துவிட்டது. நம்முடைய ஜனங்களிடம் வந்து சேர்ந்துவிட்டோம், போவதைக்கூட வருவதாகச் சொல்கிறவர்கள் இவர்கள் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து அதே முன்கட்டிலிருந்து, வக்கீல் மூலமாக, ரிஜிஸ்டர் தபாலில், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து போகும்படி எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. அதில் 'போயிட்டு வாங்க' என்று எழுதியிருக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் எங்களைப் போலவே அறுபத்து நாலில் கப்பலேறி வந்தவர்கள். இன்னும் சிலர் ரங்கூனிலேயே கப்பலுக்குக் காத்திருப்பீர்கள். ஊரில் எப்படி இருக்கிறது, வீடு கிடைக்கிறதா என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். வீடு கிடைக்கிறது. கிடைத்த வீட்டில் இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுத வந்திருக்கிறேன். கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் அது சரிதான், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு அடையவளஞ்சான் தெருவில் ஒரு பின்கட்டு. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்கட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு கிணறு. வீட்டுக்காரர் ரத்தினம் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். வீடு தேடி அலைந்தபோது பர்மா என்ற பேரைக் கேட்டதும் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. இவர் சாத்தவில்லை. "நீ என் தங்கச்சி மாதிரிம்மா. நம்ம ஜனத்துக்கு நாமதான் செய்யணும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கை என்று சொன்னதற்காக அவர் வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, நானும் குறைக்கச் சொல்லவில்லை. என் கணவர் முத்தையாவுக்குப் பெரிய கடைவீதி ஜவுளிக்கடையில் விற்பனையாள் வேலை. நான் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தேன். யார் தயவிலும் நாங்கள் அந்த வீட்டில் இருக்கவில்லை. மாதம் பிறந்தால் வாடகை முன்கட்டுக்குப் போய்விடும்.

நோட்டீஸ் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. என் கணவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது, ரங்கூனிலிருந்து வந்த இரண்டு மரப்பெட்டிகளையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தினத்தின் பையன் பம்பாய் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வருகிறானாம், பின்கட்டு அவனுக்கு வேண்டுமாம், நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"வக்கீல் எழுதியிருக்காரு பார்வதி. சீல் எல்லாம் இருக்கு. நமக்கு எதுக்கு வம்பு. போயிடலாம்."

அந்தப் பெட்டியைத் துடைக்கும் அவர் கையைப் பார்த்ததும் எனக்கு ரங்கூன் ஞாபகம் வந்தது. அங்கே அவருக்குச் சொந்தமாகக் குடைக்கடை. கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, ஒரு காலையில் இரண்டு சிப்பாய்களும் ஒரு உத்தியோகஸ்தரும் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இவர் அவர்கள் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்து, கைக்கு ஒரு குடைகூட எடுத்துக்கொள்ளாமல் கொட்டும் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். நாங்கள் அங்கே 'கலா'க்கள், அந்நியர்கள். கலாவுக்கு ஏன் என்று கேட்கும் உரிமை கிடையாது. துறைமுகத்தில் என் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னபோதும் நான் கேட்கவில்லை, கழற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் என் கணவரின் சித்தப்பா வீடு. பிறந்ததிலிருந்து 'நம்ம ஊர்' என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட ஊர் அது. அங்கே மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கத்தைப் பெருக்கிக் கொடுத்தார்கள். எட்டு நாள் இருந்தோம். ஒன்பதாம் நாள் காலையில் சித்தப்பா லால்குடியிலிருந்து திருச்சிக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று எங்களிடம் சொன்னார். நாங்கள் கேட்காமலேயே சொன்னார். அந்த ரயிலைப் பிடித்தோம்.

ஆக, இது மூன்றாவது தடவை. ஒரு மனிதனை மூன்று தடவை போகச் சொன்னால், மூன்றாவது தடவை யாரும் சொல்லி முடிக்கும் முன்பே அவன் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறான். எனக்கு ரத்தினத்தின் மேல் வந்த கோபத்தைவிட அந்தத் துடைக்கும் துணியின் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிடுங்கி எறிந்தேன்.

மறுநாள் மேலச் சித்திரை வீதியிலிருந்து அலமேலு மாமி ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். அவர் கணவர் திருச்சி கோர்ட்டில் வக்கீல். நான் நாடாவைத் தோளில் வைத்த இடத்திலேயே இரண்டாவது தடவை வைத்ததைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"இது நோட்டீஸ்தானே. ஆர்டர் இல்லையே."

"ரெண்டும் வேறயா மாமி?"

"வேற இல்லாம என்ன? இது அவா மனசுல இருக்கிற ஆசை. வக்கீலுக்குப் பணம் குடுத்துக் காயிதத்துல எழுத வெச்சிருக்கா. ஆர்டர்னா ரெண்டு பேரையும் விசாரிச்சு அதிகாரி எழுதணும். அதுவரைக்கும் உன்னை யாரும் வெளில அனுப்ப முடியாது. நாளைக்கு எங்காத்துக்கு வா. கையை ரொம்பப் பிடிப்பா வெச்சுடாதே, போன தடவை அப்படித்தான் ஆயிடுத்து."

நோட்டீஸ் வேறு, ஆர்டர் வேறு என்ற அந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தெருவில் நின்றிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். நம்மில் பலர் நோட்டீஸ் வந்த வாரமே காலி செய்தவர்கள். சர்க்கார் முத்திரையைப் பார்த்து நடுங்கிப் பழகின கண்ணுக்கு வக்கீலின் ரப்பர் முத்திரையும் அதே மாதிரிதான் தெரிகிறது. மாமியின் கணவர் எனக்கு விளக்கினார். சொந்த உபயோகத்துக்கு வேண்டுமென்றால் வீட்டுக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். வேண்டும் என்பது நிஜம்தானா என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஒரே வீட்டில் தானும் ஒரு பகுதியில் இருந்துகொண்டு இன்னொரு பகுதியைக் கேட்கிறவர் என்றால், அவருக்குக் கிடைக்கும் வசதி பெரிதா, போகிறவர்களுக்கு வரும் கஷ்டம் பெரிதா என்றும் அதிகாரி பார்ப்பார். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் கஷ்டத்தை எடை போட ஒரு இடம் இருக்கிறது என்பதை அதுவரை யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

நாங்கள் போக மாட்டோம் என்று தெரிந்ததும் ரத்தினம் மனுப் போட்டார். கூடவே மற்றதையும் ஆரம்பித்தார். வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மறுத்தார். வாடகை தரவில்லை என்று நாளைக்குச் சொல்வதற்குத்தான். வக்கீல் சொன்னபடி மணியார்டரில் அனுப்பினோம். பிறகு ஒரு நாள் காலையில் கிணற்றடிக்குப் போகும் கதவில் பூட்டுத் தொங்கியது. நான் முன்கட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிணத்துக் கதவு பூட்டியிருக்குங்க."

"கெணறு என்னுதும்மா."

"தண்ணிக்கு நாங்க எங்க போறது?"

"எங்க வேணா போ. அகதின்னு பாவம் பாத்து எடம் குடுத்தேன். நீ என்னையக் கோர்ட்டுக்கு இழுக்கற."

கோர்ட்டுக்குப் போனது அவர். இழுத்தது நான் என்கிறார். அவர் மனைவி, என் மகளுக்குப் போயிட்டு வரேன் சொல்லிக்கொடுத்த அதே பெண், அவருக்கு ரசம் ஊற்றினார், தலை நிமிரவில்லை. பதினோரு நாள் தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தோம். கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த என் கணவர் இரண்டு கையிலும் குடம் தூக்கினார். தெருவே பார்த்தது. சிலர் ரத்தினத்தை வைதார்கள், எங்களிடம். அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. வழக்கு நடக்கும்போது தண்ணீரையோ விளக்கையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை என்று தனியாக ஒரு மனுக் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் பூட்டைத் திறக்க உத்தரவு வந்தது. திறந்த அன்று நான் தேவையே இல்லாமல் எட்டு வாளி இறைத்து முற்றம் முழுக்கக் கொட்டினேன்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் இளைஞர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நல்ல சட்டை, கையில் அளவு நாடா, பின்னால் வயிற்றுப்பிள்ளையோடு அவர் மனைவி. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பம்பாய் மகன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். இத்தனை நாள் பொய் என்று நினைத்தது நிஜம்தானோ என்று வெட்கம்கூட வந்தது. இருவரையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். மகளுக்குப் பரீட்சை வருகிறது, வேறு வீடு கிடைக்கும்வரை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பம்பாய்லேர்ந்து எப்ப வந்தீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பம்பாய் காதம்மா, இல்ல. குண்டூரு. நீங்க ஓனர் சிஸ்டரா?"

அவருக்குத் தமிழ் பாதிக்கு மேல் புரியவில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் வந்திருக்கும் புதிய தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவர், பேர் வெங்கட ராவ். மனைவிக்குக் கோயில் பக்கத்தில் இருக்க ஆசை. எங்கள் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறதாம். நாங்கள் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு வாடகை. கட்டில் எங்கே போடுவது என்று பார்க்க நாடாவோடு வந்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்க் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

வக்கீல் அவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்றார். நான் போய்ச் சொன்னபோது ராவ் கைகூப்பினார். "நாங்க வெளியூரும்மா. எங்களுக்கு எதுக்கு வம்பு" என்றார். என் கணவர் சொன்ன அதே வார்த்தை. எல்லா ஊரிலும் வெளியூர்க்காரனுக்கு இந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. நான் இரக்கப்படவில்லை. சம்மன் போயிற்று.

விசாரணை அன்று ரத்தினத்தின் மகன் வரவில்லை. பம்பாயிலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. ராவ் வந்தார். கூண்டில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அட்வான்ஸ் கொடுத்தது நிஜம், கட்டிலுக்கு அளவெடுத்தது நிஜம் என்று இரண்டு வாக்கியம் சொன்னார். அதற்குப் பிறகு என் கணவரைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"உங்க பூர்வீகம் லால்குடிப் பக்கம். அங்க உறவுக்காரங்க இருக்காங்க. அப்புறம் போறதுக்கு வேற எடமே இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க?"

என் கணவர் குனிந்து கூண்டின் பலகையைப் பார்த்தார். மறுபடியும் கையெழுத்துப் போட இடத்தைத் தேடுகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

"லால்குடியில எங்களை எட்டு நாள் மாட்டுக்கொட்டாயில வெச்சிருந்தாங்க. ஒம்பதாவது நாள் ரயிலுக்கு நேரம் சொன்னாங்க. ரங்கூன்ல கடைய எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாங்க. ரெண்டு எடத்துலயும் என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல. இந்த ஐயாதான் நோட்டீஸ் குடுத்தாரு. குடுத்ததால இங்க வந்து நிக்கிறேன். நீங்க கேக்குறீங்க, நான் சொல்றேன். எனக்குப் போக எடம் இல்லீங்க. இருந்தாலும் நான் ஏன் போகணும்னு தெரியலீங்க."

கடைசி வாக்கியத்தை அதிகாரி எழுதிக்கொண்டாரா என்று தெரியாது. நான் எழுதிக்கொண்டேன்.

மனு தள்ளுபடி ஆயிற்று. உத்தரவு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் ராவ் நின்றிருந்தார். அட்வான்ஸைத் திருப்பித் தருவதாக ரத்தினம் அன்றுதான் ஒப்புக்கொண்டிருந்தார். நன்றி சொல்லப் போனேன். "உங்க வீடு நின்னுச்சு. மா இல்லு போச்சம்மா" என்றார், எங்கள் வீடு போயிற்று என்று. அவர் மனைவிக்குப் பிரசவத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. பிறகு காட்டூர்ப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு வெளியூர்க் குடும்பங்களை ஒரே வாசலில் மோதவிட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மண்டிக்குப் போய் வருகிறார் ரத்தினம். அவரை என்னால் மன்னிக்க முடியாததற்குக் கிணற்றுப் பூட்டைவிட அதுதான் காரணம்.

ஜெயித்தவர்களுக்கு வாழ்வு சுகமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். முன்கட்டில் எங்களோடு யாரும் பேசுவதில்லை. தெருவில் எனக்குக் 'கேஸ்காரி' என்று பேர். ரவிக்கை தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் இனி ஒருவரும் எங்களுக்கு வீடு தர மாட்டார்கள் என்று மளிகைக்காரர் அக்கறையாகச் சொன்னார். அப்படியானால் இங்கேயே இருக்கிறோம் என்றேன். நீங்களும் இருங்கள். நோட்டீஸ் வந்தால் பெட்டியை இறக்காதீர்கள். எவரும் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள், வாங்காவிட்டால் தபாலில் அனுப்புங்கள். அகதி என்று யாராவது சொன்னால், வாடகை கொடுக்கிறவனுக்குச் சட்டத்தில் அந்தப் பேர் கிடையாது என்று சொல்லுங்கள்.

போன மாதம் ரங்கூனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே நாங்கள் குடியிருந்த மரவீட்டின் சொந்தக்காரி டோ மியா எழுதியிருந்தார். நாங்கள் அவரை அமே, அம்மா என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வருஷம் அவர் வீட்டு மாடியில் இருந்தோம். ஒரு தடவைகூட அவர் வாடகைச் சீட்டு என்று ஒன்றை எழுதினதில்லை. நாங்கள் கப்பலேறுவதற்கு முதல் நாள் அவர் மாடிக்கு வந்து, சாமான் இல்லாத அறைகளைப் பார்த்து, நீங்கள் போக வேண்டாம், நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்று அழுதார். அவர் சொல்லிக் கேட்க அங்கே யாரும் இல்லை. அங்கே சர்க்கார்தான் போகச் சொன்னது. இங்கே சர்க்காரின் சட்டம்தான் இருக்கச் சொன்னது. இரண்டு சர்க்காரிலும் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் என்னை நன்றாகத் தெரியும். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

என் கணவர் கடிதத்தைப் பர்மிய மொழியில் உரக்கப் படித்தார். மாடியை அன்றிலிருந்து பூட்டியே வைத்திருக்கிறாராம் டோ மியா. இப்போது மோல்மீனிலிருந்து அவருடைய தங்கை மகன் படிக்க வருகிறான். மாடியை அவனுக்குக் கொடுக்கலாமா, அல்லது நீங்கள் திரும்பி வரும் எண்ணம் உண்டா, உங்கள் பதில் வந்த பிறகுதான் திறப்பேன் என்று எழுதியிருந்தார். தேவகி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள்.

"பதில் எழுதுங்க" என்றேன்.

"நீயே எழுது பார்வதி. நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இன்னொரு தடவை முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் எழுதவில்லை. உத்தரவு இல்லாமல் என்னை யாரும் வெளியேற்ற முடியாது என்று கோர்ட் வரைக்கும் போனவள் நான். அந்த வீட்டிலிருந்து என்னை நானே காலி செய்துகொள்ள ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. நேற்று நீல நிற ஏர்மெயில் தாள் வாங்கிவந்து, மறந்துகொண்டிருக்கும் பர்மிய எழுத்தில் எழுதினேன்: அமே, பையனுக்கு மாடியைக் கொடுங்கள், நாங்கள் வரவில்லை. தாளை மடித்து முன்பக்கம் டோ மியாவின் வீட்டு விலாசத்தை எழுதினேன், பின்பக்கம் அடையவளஞ்சான் தெரு விலாசத்தை எழுதினேன். முன்பக்கத்தில் இருந்தது எங்களை இரு என்று சொன்ன வீடு. அங்கே இனி நாங்கள் இல்லை. பின்பக்கத்தில் இருந்தது போ என்று சொன்ன வீடு. அங்கேதான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஓரங்களை எச்சில் தொட்டு ஒட்டினேன்.